ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது

கருமத்தம்பட்டியில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது அதன் மூடியைக் கழற்றித் தூசி தட்ட வேண்டும். சுற்றிலும் விசைத்தறி. காற்றில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் சின்னக் காற்றாடியில் அது படிந்தால் மெஷின் சூடாகிவிடும். பலர் இதைச் செய்வதில்லை. நான் செய்வேன். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று போதும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். முதல் என்றால் இதுதான்.

என் பெயர் நிதீஷ். பி.காம். சி.ஏ. படித்தேன். நூல் மில் ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. மனைவி லோகப்பிரியா போன வருடம் ஸ்கூட்டரில் போகும்போது அவிநாசி ரோட்டில் இறந்துபோனாள். லாரி. அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

கம்ப்யூட்டர் அவளுடையது. அவளுக்கு எதையாவது வீடியோ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரசம் கொதிப்பதை எடுப்பாள். எடுத்துக்கொண்டே, "இப்ப பெருங்காயம் போடறனுங்க," என்று பேசுவாள். யாரிடம் பேசுகிறாள் என்று நான் கேட்டதில்லை. போன் நிறைந்ததும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனைக் காலி செய்வாள். பவானிக்குப் போனால் அவள் அப்பா அம்மா போனையும் அதே மாதிரி காலி செய்து கொடுப்பாள்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் மெசஞ்சரில் லோகப்பிரியாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஹாய், எப்படி இருக்கீங்க. அது அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் இறந்துவிட்டாள் என்பது ஒரு காரணம். அவள் எப்போதும் "சாப்புட்டீங்ளா" என்றுதான் ஆரம்பிப்பாள் என்பது இன்னொன்று. சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன். குட் என்று வந்தது. சில நாட்கள் இப்படிப் பேசினோம். பிறகு ஒருநாள், உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

அவளுடைய கணக்குகள் எல்லாம் என் நம்பரில்தான் இருந்தன. மறுநாள் அவற்றில் அவள் போட்டிருந்தது ஒன்றும் இல்லை. அவள் முகம் இருந்த வட்டத்தில் ஒரு ஷூ இருந்தது. விலையும் போட்டிருந்தார்கள்.

மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர் மட்டும். அதனால் பாதுகாப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மில்லில் சாப்பாட்டு நேரத்தில் படிப்பேன். ஆன்டிவைரஸ் இரண்டு போட்டேன். ஒன்று மற்றதை வைரஸ் என்று சொன்னதால் ஒன்றை எடுத்தேன். இன்டர்நெட் ஒயரை வெட்டினேன். வைஃபை பெட்டியைத் தண்ணீர் இல்லாத கிணற்றில் போட்டேன். பென்டிரைவ் செருகும் துளைகளை எம்-சீல் பிசைந்து அடைத்தேன். கேமராவை மூடி வைக்கச் சொல்லிப் போட்டிருந்தது. பீரோக் கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டினேன். அளவு சரியாக இருந்தது.

பாஸ்வேர்டையும் மாற்றினேன். அதை மறந்துவிட்டால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியை அவள் வைத்திருந்தாள். சின்ன வயதில் நீங்கள் வளர்த்த பிராணியின் பெயர் என்ன. எனக்கு விடை தெரியவில்லை. அவள் பிராணி வளர்த்ததே தெரியாது. கணவனுக்கே தெரியாத விடை வேறு யாருக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நிம்மதியாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். நான் செய்த தவறு என்று பார்த்தால் இது ஒன்றுதான்.

வருடத் திதிக்கு அவள் வீட்டார் பவானியிலிருந்து வந்தார்கள். மாமனார் அரங்கசாமி, மாமியார் காளியாத்தாள், மைத்துனன் சாய்சரண். வரும்போது ஒரு புது ஜமக்காளமும் கொண்டுவந்தார்கள். படையல் முடிந்து இலை போட்டேன். சாப்பிடும்போது மாமியார் கேட்டார்.

"மாப்ளே, ஒருக்கா அவ பேசறதக் கேட்டுப்போட்டுப் போயர்றனுங்க."

"கல்யாண வீடியோ இருக்குதுங்களே, அத்தை."

"அதுல பூராவும் சினிமாப் பாட்டுங்க. இவ வாய் மட்டும் அசையுது. ஆல்பத்துல மேக்கப்பப் போட்டு ஆரோ மாதர நிக்கறா. உங்ககிட்டத்தான் இருக்குதுங்க, அவ பேசறது."

சாய்சரண் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். "இதுல ஏத்திக் குடுத்துருங்க மச்சான். ரெண்டே நிமிசம்."

அதை எங்கெங்கே செருகியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"அது போகாத எடமே இல்லீங்க. ஜெராக்ஸ் கடை, ஃப்ளெக்ஸ் கடை, காலேஜ் லேப்."

துளைகளை அடைத்துவிட்டதைச் சொன்னேன்.

"கம்ப்யூட்டருக்கு எம்-சீல் வெச்சவரு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதானுங்க மச்சான்."

"சும்மா இருடா," என்றார் மாமனார். "மாப்ளை படிச்சவரு. காரணமில்லாம செய்வாரா."

மாமியார் சிரித்தார். "இவளும் இப்படித்தானுங்க. ஒண்ணு பிடிச்சுப்போச்சுன்னா அதய ஆரும் தொடக்கூடாது. மூணாப்பு படிக்கறப்ப ஒரு வெள்ளாட்டுக் குட்டி வெச்சிருந்தா. பாயில பக்கத்துல போட்டுத்தான் தூங்குவா." பிறகு அந்தக் குட்டியின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். நான் அப்போது ரசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். மாமனார் பெயர் சரிதான் என்று தலையாட்டினார். சாய்சரணும், "ஆமா, என்னய முட்டிப்போடும்," என்றான். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு நான் வெளியிலிருந்து வருபவனுக்காகக் காவல் இருந்தேன். சாவி நான் போட்ட இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அறைக்குப் போய் அந்தப் பெயரை அடித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

ஆன்டிவைரஸ் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் உடனே அழிக்காது. தனியாக ஒரு இடத்தில் வைக்கும். வெளியே போக விடாது, மற்றபடி அதை ஒன்றும் செய்யாது. நல்ல ஏற்பாடு. வீட்டுக்குப் பின்னால் எங்கள் தறிக்கூடம் இருக்கிறது. தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம், இடம் காலி. காற்றாடி, குழாய், கக்கூஸ் எல்லாம் உண்டு. அவர்கள் கொண்டுவந்த ஜமக்காளத்தையே அங்கே விரித்தேன். வீடியோ காட்டுவதற்கு முன் ஸ்கேன் ஓட வேண்டும், பக்கத்தில் போன் இருந்தால் கெட்டுவிடும், அதுவரை பின்னால் காற்றோட்டமாக இருங்கள் என்றேன். போன்களை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். பிறகு வெளியே பூட்டினேன்.

அவர்களை அடித்து அடைத்தேன் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அது சரியில்லை. நான் கையைக்கூடத் தொடவில்லை. "வாங்க மாமா, வாங்க அத்தை," என்றேன். வந்தார்கள்.

பூட்டியதைச் சாயங்காலம்தான் கவனித்தார்கள். மாமனார் கதவுக்கு உள்ளே நின்று தொண்டையைச் செருமினார். "மாப்ளே, தாப்பாள் தானா விழுந்துருச்சுங்க போலிருக்குது."

"நாந்தானுங்க போட்டேன், மாமா."

"அப்படீங்ளா. சரிங்க," என்றார்.

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. மாப்பிள்ளை செய்ததை மாமனார் தப்பு என்று சொல்ல மாட்டார். அதிலும் பெண்ணே போய்ச் சேர்ந்த பிறகு மிஞ்சிய மாப்பிள்ளை. உறவு அறுந்துவிடக் கூடாது என்று கூடுதலாகவே மரியாதை கொடுத்தார். சாய்சரண் கத்தினால் அவரே அவன் வாயைப் பொத்தினார். "மாப்ளை ஊட்டுல சத்தம் போடறதாடா? அக்கம்பக்கத்துல கேட்டா அவருக்குக் கேவலமில்லயா?"

மூன்று வேளையும் சோறு போட்டேன். காலையில் இட்லி, மதியம் குழம்பு, ரசம், பொரியல். மாமனாருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை ஒருவேளைகூடத் தவறியதில்லை. மில்லுக்கு லீவு சொன்னேன். வீட்டில் சொந்தக்காரர்கள் ஒறம்பரை வந்திருக்கிறார்கள் என்று காரணம் சொன்னேன். உண்மைதானே.

மாமியார் தினமும் தட்டை வாங்கும்போது ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஸ்கேன் முடிஞ்சுதுங்ளா, மாப்ளே?"

"இன்னும் ஓடுதுங்க, அத்தை."

"பைய ஓடட்டுங்க. அவசரமில்லீங்க. முடிஞ்சா ஒருக்காக் காட்டீருங்க."

பால்காரர் பிரான்சிஸ் ஒருநாள் பின்பக்கமாக வந்து தறிக்கூடத்து ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க அம்மணி, உள்ளார என்ன பண்றீங்க?" என்று கேட்டது எனக்குச் சமையலறையில் கேட்டது. மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஒறம்பரைக்கு வந்திருக்கறமுங்க. மாப்ளை நல்லா கவனிக்கறாருங்க." அதில் பொய் எதுவும் இல்லை.

அவர்களைத் தினமும் பேசவைத்தேன். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு உட்காருவேன். "இன்னைக்கு ஒண்ணு சொல்லுங்க, அத்தை," என்பேன். லோகப்பிரியா கூடுதுறை ஆற்றங்கரையில் செருப்பைத் தொலைத்தது, ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரின் தப்பைச் சுட்டிக்காட்டிவிட்டு வெளியே நின்றது, என்னைப் பெண் பார்க்க வரச் சொன்ன அன்றைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னது. அவருக்குச் சொல்லப் பிடித்திருந்தது. சொல்லும்போது அழமாட்டார். அடுத்த நாள் அதையே மறுபடி சொல்லச் சொல்வேன், வார்த்தை மாறுகிறதா என்று பார்க்க. எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள்.

மாமனார் சொன்னதில் பிழை இருந்தது. லோகப்பிரியாவுக்கு ஊஞ்சலிலிருந்து விழுந்து வலது கை உடைந்தது என்றார். மாமியார் இடது கை என்றார். இரண்டு பேரும் பேசிப் பேசி, மறுநாள் நான் கேட்பதற்குள் இரண்டு பேர் கதையிலும் வலது கை ஆகிவிட்டது. ஒன்று கெட்டு மற்றதையும் கெடுத்துவிட்டது. அதனால் மாமனாரை நூல் வைக்கும் அறைக்கு மாற்றினேன். அங்கேயும் காற்றாடி உண்டு. கல்யாணமான நாளிலிருந்து தனியாக இருந்ததில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார்.

சாய்சரண் வேண்டுமென்றே கெட்டதைச் சேர்த்தான். "அக்காளுக்கு உங்களக் கட்டிக்க இஷ்டமே இல்லீங்க மச்சான். பத்து நாளு சோறு திங்கல. கேட்டுப்பாருங்க." மாமியாரிடம் கேட்டேன். இல்லை என்றுதான் சொன்னார். சொல்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அவனைக் கக்கூஸுக்குப் பக்கத்து அறையில் தனியாக வைத்தேன். அவன் சொன்னதைச் சேர்க்கவில்லை.

உங்களிடம் சொன்னவர் பிரான்சிஸ் என்று நினைக்கிறேன். கடைசியாகப் பால் ஊற்றும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, வந்தவிய செருப்பு மூணு சோடியும் வந்த அன்னைக்கு உட்ட எடத்துலயே கெடக்குதுங்க. மேல பஞ்சு படிஞ்சுபோச்சு." நல்ல கவனிப்பு. செருப்பைத் தட்டி வைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் வந்து கதவைத் திறந்தபோது மாமனார் முதலில் உங்களிடம் சொன்னது, "மாப்ளைய ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க அம்மணி," என்பதுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். அதைத் திறந்து கொடுத்துவிடு, அந்த அம்மா ஒருதடவை பார்த்துக்கொள்ளட்டும், உனக்கும் நல்லது என்கிறீர்கள். திறப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை.

திதியன்று மதியமே அழித்துவிட்டேன். அவர்கள் பின்னால் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் வெற்றிலை கேட்டார், கொடுத்துவிட்டு வந்து அழித்தேன். சும்மா அழித்தால் ஆட்கள் மீட்டுவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். அதனால் அதன்மேல் வெறும் பூஜ்யங்களை எழுதினேன், திரும்பத் திரும்ப. அதற்கு முன்னால் ஒரு வீடியோவாவது பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள் போன பிறகு நான் ஒன்றையும் திறந்ததில்லை. திறக்கும்போதுதான் வைரஸ் உள்ளே வரும் என்று எல்லாவற்றிலும் போட்டிருக்கிறது. இல்லாத ஒன்றை யாரும் திருட முடியாது. அதன் முகத்தை எடுத்துவிட்டு ஷூ வைக்க முடியாது. யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல பாதுகாப்பு உங்களுக்கும் தோன்றாது.

பிறகு ஏன் அவர்களை வைத்திருந்தாய் என்று கேட்பீர்கள். அழித்த பிறகு அவள் வேறு எங்கே இருந்தாள்? அந்த மூன்று பேரிடம் மட்டும். அவர்களுக்குப் பூட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. யார் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களை எப்படி வெளியே விடுவது?

நேற்று விட்டுவிட்டீர்கள். ஸ்டேஷனில் டீ கொடுத்து உட்காரவைத்தீர்கள். மாமியார் இந்த மேஜையில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, ஸ்கேன் முடிஞ்சுதுங்ளா என்று கேட்டார். நீங்கள் குனிந்து ஏதோ எழுதினீர்கள். இன்னும் ஓடுதுங்க அத்தை என்று நான்தான் சொன்னேன். சரிங்க மாப்ளே என்று போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெண் போலீசிடம் லோகப்பிரியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கூடுதுறைச் செருப்புக் கதை. அந்தப் பெண் சிரித்தது. வழியில் போன யாரோ நின்று கேட்டார்கள். நான் கேட்டவரைக்கும் இரண்டு இடத்தில் வார்த்தை மாறியிருந்தது.

பிறகு மூன்று பேரையும் பவானிக்குப் பஸ் ஏற்றிவிட்டதாகச் சொன்னீர்கள். ஜன்னலோர சீட்டு கிடைத்ததாம். அது உங்கள் முடிவு, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பொறுப்பில் இருந்தவரை அவளுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.