மாமா சுருதி எறங்கிப் பாடினது

இல்லீங்ணா, நீங்க பயப்படாம உக்காருங்க. நன்றி சொல்லத்தான் போன் பண்ணி வரச்சொன்னேன். இந்தாங்க காப்பி. சக்கரை அளவாத்தான் போட்டிருக்கறேன். ரோட்டுல அடிபட்டுக் கெடக்கறவங்கள இந்தக் காலத்துல யாருங்ணா தூக்கறாங்க? சுத்தி நின்னு போன்ல படம் புடிக்கறாங்க. நீங்க எங்க மாமனாரையும் எம்பையனையும் உங்க வேன்ல ஏத்தி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டாந்து சேத்துனீங்க. மாமா தக்கல, அது வேற. அடக்கத்துக்கு நீங்க வரல, அதும் பரவால்லீங். இன்னைக்காச்சும் வந்தீங்களே.

டேவிட்சனா? உள்ளதானுங் இருக்கறான், அந்தக் கதவுக்கு அக்கட்டால. தூங்கறதெல்லாம் இல்லீங். செவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பான். சோறு வெச்சா ரெண்டு வாய் தின்னுட்டு தட்டத் தள்ளி வெச்சர்றான். தாத்தாவ நாந்தாம்மா கொன்னுபோட்டேன்னு ஒருக்காச் சொன்னான். அப்பறம் பேச்சே இல்ல. தலையில அடிபட்டதுல அவனுக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்ணா. அன்னூர் சர்ச்சு வாசல்ல தாத்தாவப் பின்னாடி உக்கார வெச்சு பைக்க எடுத்தது தெரியுதாம். அப்பறம் ஆஸ்பத்திரி லைட்டு தெரியுதாம். நடுவால என்ன நடந்துச்சுங்கறது நீங்க சொன்னதுதான். பையன் வேகமா வந்தான், நாய் குறுக்க வந்துச்சு, தானாச் சறுக்கி உழுந்தான்னு டேசன்ல சொன்னீங்களே, அதை வெச்சுத்தான் அவம்மேல கேஸ் போட்டிருக்கறாங்க. மிலிட்டரிக்கு ஓட்டத்துல ஜெயிச்சு, பரீட்சையும் பாஸ் பண்ணி, எப்பக் கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தவனுங். இனி எடுப்பாங்களோ என்னமோ. வேலை போனாப் போகுதுங்ணா. எம்பையன் எனக்குத் திரும்ப வரோணும். ராத்திரி பகலா அந்த ஒரு வெசனந்தான்.

சேச்சே, உங்களக் கொற சொல்வனுங்களா? கண்டதச் சொன்னீங்க.

வேர்க்குதுங்களா? பேன் ஓடுதே. இருங்க, இன்னும் கொஞ்சம் கூட வெக்கறேன்.

ஆமாங்ணா, அந்தப் போட்டோல இருக்கறது மாமாதான். சின்ன வயசுல, வெலிங்டன் பட்டாளக் கேம்புல எடுத்தது. கையில இருக்கறது கார்னெட்டுங். ட்ரம்பெட்டாட்டவே இருக்கும், கொஞ்சம் குட்டை. பேரு பாக்கியராஜ், ஆனா ஊருக்குள்ள பேண்டு மாஸ்டர்னாத்தான் தெரியும். மிசன் ஹாஸ்டல்ல படிக்கறப்பவே ஊதப் பழகி, அந்த ஊதலுக்காகவே பட்டாளத்துல எடுத்துட்டாங்களாமா. எங்கூட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் நாட்டமே இல்ல. அதனால ஊட்டுக்கு வந்த மருமகளப் புடிச்சு மாமா பாட வெச்சுட்டாரு. எங்க சர்ச்சுல எல்லாம் தோ ரே மீ பா சோதானுங், வெள்ளக்காரங்க சரிகம, பாட்டுக் கொயருக்கு மாமா அதுலதான் சொல்லிக்குடுப்பாரு. கொஞ்சம் பெசகுனாப் போதும், ஷைலா, நீ பாடறயா, காணாமப் போன ஆட்டுக்குட்டியக் கூப்பிடறயான்னு கேப்பாரு. அத்தன பேருக்கு முன்னாடிங். அழுதுருக்கறேன். ஊட்டுக்கு வந்ததும் அவரே காப்பி போட்டுக் குடுப்பாரு, அதுலயும் சக்கரை இருக்காது.

அவரு காது ஒரு தொல்லைங்ணா. இந்த ஊட்டுல காலிங் பெல்லு ஏன் இல்லேன்னு நெனச்சீங்க? அதோட சுருதி செவத்துக் கெடியாரத்தோட சேரலையாமா. களட்டிப் போட்டுட்டாரு. வர்றவங்கெல்லாம் கேட்டத் தட்டறாங்க. தக்காளி விக்கறவன் மைக்குல கூவிட்டுப் போனா, மீயில ஆரம்பிச்சு ரேயில முடிக்கறான், தேவலைம்பாரு. கண்ணாலத்துல பேண்டு செட்டு வந்துட்டாச் சோத்துப் பந்திக்கே வரமாட்டாரு, காதப் பொத்திக்கிட்டு வெளிய நிப்பாரு.

சித்த இருங்ணா, போலாம். லோடு எறக்கறதுதான, அது எங்க போயிரும்.

ஒண்ணு தெரியுமுங்களா? பட்டாளத்துல பேண்டுக்காரங்களுக்குச் சண்டைன்னு வந்துட்டா ஊதற வேலை கெடையாதாமா. வாத்தியத்தப் பொட்டியில வெச்சுட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போகோணும். எழுபத்தொண்ணுல சண்டை வந்தப்ப மாமாவுக்கு மீசை சரியா மொளைக்கல. முழங்கால் சேத்துல, அடிபட்டவங்களத் தூக்கிட்டு ஓடுனாராமா. அதப் பத்தி அதிகம் பேசமாட்டாரு. மழை புடிச்சா மட்டும் பேசுவாரு. அடிபட்டவன் அம்மாங்கறான், தண்ணிங்கறான்னு எல்லாரும் நெனக்கறாங்க, அது கொஞ்ச நேரந்தான் ஷைலாம்பாரு. அப்பறம் அவன் கடைசியாக் கேட்ட சத்தத்தத்தான் வாய் சொல்லுமாமா. ஒருத்தன் வழி நெடுக விசிலடிச்சுட்டே வந்தானாமா, குண்டு காத்துல வர்ற விசிலு. ஒருத்தன் துப்பாக்கியாட்ட டொக்கு டொக்குன்னு பல்லத் தட்டிட்டு வந்தானாமா. உளர்றான்னு எல்லாரும் உட்டுருவாங்க, நீ உடாத, காது குடுத்துக் கேளு, அவன் உனக்கு என்னமோ சொல்றான்னு சொல்லுவாரு. அப்பல்லாம் நா மொளகாய் கிள்ளிட்டே, ஆமாங் மாமா, ஆமாங் மாமாம்பேன்.

ஆஸ்பத்திரியில அவருக்குப் பேச்சு வரல. நீங்க அதுக்குள்ள போயிட்டீங்க, பாத்திருக்க மாட்டீங்க. பேச்சு இல்ல, ஆனாப் பாட்டு இருந்துச்சுங்ணா. டாக்டர் சொன்னாரு, மூளையில அது வேற எடமாமா. மூணே சுரம். சோ, மீ, சோ. கண்ணத் தொறந்தாப் பாடுவாரு. முடிச்சதும் என்னையப் பாப்பாரு. பிந்துன்னு ஒரு நர்சு புள்ளை, தாத்தா நல்லாப் பாடறாருங்க்கான்னு சொல்லிட்டுப் போச்சு. என்ன பாட்டு கேக்கறாரோன்னு, சோ மீ சோன்னு தொடங்கற கீர்த்தனையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாடிக் காட்டுனேன். தலைய இப்படி இப்படி ஆட்டுனாரு. அதில்ல, அதில்ல.

அதுல ஒரு சங்கதிங்ணா. அந்தக் கடைசி சோ எறங்கியே நின்னுச்சு. சோவுக்கும் கீழ, அதுக்கு அடுத்த சுரத்துக்கும் மேல, ரெண்டுங்கெட்டான் எடத்துல. மாமா ஆயுசுல சுருதி எறங்கிப் பாடினவரு இல்லீங். சரி, போகப் போறாருன்னு நெனச்சேன். பொறுக்கமாட்டாம நா அந்த சோவ ஏத்தி, சரியாப் பாடிக் காட்டுனேன். கொயருக்காரி புத்தி, வேறென்ன. படக்குன்னு எங்கையில அடிச்சாரு. பிராக்டீசுல அடிப்பாரே, அந்த அடி. திருப்பி அதே மாதிரி எறக்கியே பாடுனாரு. மறுபடி ஏத்துனேன், மறுபடி அடி. கடைசீல நானும் அவராட்டவே எறக்கிப் பாடுனப்பதான் உட்டாரு. நான் திருப்பிப் பாடறதக் கண்ண மூடிக் கேட்டுட்டே இருந்தாரு. ஞாயித்துக்கெழமை, எல்லாரும் சர்ச்சுல இருக்கற நேரத்துல போயிட்டாரு.

அதிலிருந்து அந்த மூணு சுரம் எந்தொண்டையில உக்காந்துக்கிச்சுங்ணா. பாத்திரம் கழுவறப்ப வருது, துணி ஒணத்தறப்ப வருது. எதுக்குன்னு தெரியாமயே பாடிட்டிருந்தேன்.

காப்பி ஆறுது பாருங்க. எந்திரிக்காதீங்ணா. கேட்டுல கொக்கி போட்டிருக்கறேன், வெளியாளுக்கு அது சட்டுனு தெறக்காது, நாந்தான் வந்து எடுத்து உடோணும்.

சித்த முன்னாடி நம்ம சந்து முக்குல திரும்புனீங்களே, குறுக்க பால்வண்டி நின்னிருக்குமாட்ட இருக்குது. ஹாரன் அடிச்சீங்க. நா அடுப்படியில பால் பொங்குதான்னு பாத்துட்டு நின்னேன். சோ, மீ, அப்பறம் அந்த சோ. எறங்கித்தான் கேட்டுச்சு, மாமா பாடுனாப்பலயே. உங்க ஹாரன்ல மூணு குழலாட்ட இருக்குது, மூணாவதுல எங்கியோ விரிசல் இருக்கோணும், பாத்துக்கங்ணா.

பால் பொங்கி வழிஞ்சே போச்சு. காப்பிக்கு ஏன் இத்தன நேரம்னு நீங்க கூட நெனச்சிருப்பீங்க. அடுப்பத் தொடச்சுட்டு, பெருந்துறையில வேலையில இருக்கற எங்கூட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் கலக்கிக் கொண்டாந்தேன். அவரு கெளம்பிட்டாரு.

கேட்டையே பாக்காதீங்ணா, டம்ளரக் கீழ வெச்சிருங்க.

நன்றின்னு நாஞ் சொன்னது பொய்யில்லீங். இடிச்சுட்டு அப்படியே போயிருக்கலாம், நீங்க போகல. எறங்கி வந்து தூக்குனீங்க. தூக்கற கை எப்பிடி இருக்கும்னு எங்க மாமாவுக்குத் தெரியும். டேசனுக்கு எங்கூட்டுக்காரர் வந்ததும் எல்லாரும் சேர்ந்தே போய்க்கலாம், உங்க வேன்லயே. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்ணா. நாம்போயி டேவிட்சங்கிட்டச் சொன்னா, அம்மா ஆறுதலுக்குச் சொல்லுதுன்னு நெனச்சுத் திரும்பச் செவத்தப் பாத்துக்குவான். தானா உழுகலைன்னு அவன் உங்க வாயால கேக்கோணும்.

கூப்பிடட்டுங்களா?