கேட்டது

லேப்டாப் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடிதம் அடிக்கிற மனிதரின் தலையில் சினிமா எடிட் செய்கிற மெஷினைக் கட்டிவிடுவார்கள். அவரும் அதில் கடிதம்தான் அடிப்பார். நான் அப்படி ஏமாறுகிறவன் இல்லை. கூடுதல் விலைக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று பார்ப்பேன். அது எனக்கு வேண்டுமா என்று பார்ப்பேன். நீங்கள் விசாரிக்கிற இந்த விஷயத்திலும் நான் செய்தது அவ்வளவுதான்.

என் மனைவி தமிழ் டீச்சர். வாயால் பேசும்போது எல்லோரையும் போலத்தான் பேசுவாள். எழுத்தில் மட்டும் பேச்சுவழக்கு எட்டிப்பார்க்கக் கூடாது. கடைக்குப் போகும்போது கொடுக்கிற சீட்டில்கூட ‘சோப்பு தீர்ந்துவிட்டது’ என்றுதான் இருக்கும். பேச்சில் கெட்டிக்காரி. நாலு பேர் முன்னால் என் மூக்கை அறுப்பதில் அவளுக்கு அலாதி சந்தோஷம்.

“இவரு செருப்பு வாங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கடைக்காரரே ரிட்டயர் ஆயிடுவாரு” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பத்தொன்பது வருடம் சிரித்தேன். எனக்கு அவள்மேல் வெறுப்பு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. யாருக்குத்தான் இருக்காது?

போன வருடம் ஒரு விடுமுறை நாள் காலையில் குளியலறை வாசலில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கைகால் போயிற்று, பேச்சும் போயிற்று. கண் மட்டும் அசையும். புத்தி பழுதில்லை என்றார் டாக்டர். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார். நான் முன்னறையில் இருந்ததாகவும், என் பழைய லேப்டாப்பின் ஃபேன் போடுகிற இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை என்றும் சொன்னேன். பாவம், அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அதன் பிறகு கண்ணை ஒருமுறை மூடினால் ‘ஆமாம்’, இரண்டுமுறை மூடினால் ‘இல்லை’ என்று வைத்துக்கொண்டோம். வீடு அமைதியாக இருந்தது. நான் எடுத்து ஊட்டினேன், துடைத்துவிட்டேன், ஒரு குறையும் வைக்கவில்லை. பகலில் நான் ஆபீஸ் போகும்போது மச்சினி வந்து பார்த்துக்கொள்வாள். இப்படிப்பட்ட புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்துப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வழி சொன்னாள். திரையில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். கேமரா கண்ணைக் கவனிக்கும். கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அந்த எழுத்து விழும். பயிற்சி அறையில் தன்னுடைய விலை கூடிய லேப்டாப்பிலேயே அதைப் போட்டுக் காட்டினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு என் மனைவி சொன்ன முதல் வாக்கியம்: ‘தலையணை உறையை மாற்றுங்கள், நாறுகிறது.’ மச்சினி சிரித்துக்கொண்டே அழுதாள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திரைக்குப் போனாள். ‘அன்று’ என்று ஒரு வார்த்தை விழுந்தது. அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டதால் பயிற்சி நேரம் முடிந்துவிட்டது. நான்தான் முதலில் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன்.

இதே லேப்டாப்பை வாங்கிவிடுங்கள் என்றாள் அந்தப் பெண். ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் பார்த்தேன். எந்த மெஷின் நன்றாக ஓடும் என்று தேடவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். கேமரா ஓடும்போது திணறுகிறது, இரண்டு வார்த்தைக்குள் நின்றுவிடுகிறது என்று வாங்கினவர்கள் திட்டி எழுதியிருந்த மெஷின் ஒன்று கிடைத்தது. அதைத்தான் வாங்கினேன். விலை பாதிக்கும் குறைவு.

திட்டினவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விழும், பிறகு திரை உறைந்துவிடும். அணைத்துப் போட்டுத் திரும்ப வருவதற்குள் அவள் கண் ஓய்ந்துவிடும். தலையணை, வெளிச்சம், தாகம் என்று அன்றாடக் காரியங்களுக்கு ஒரு வார்த்தை தாராளம்.

ஒரு மாலை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது திரையில் ‘கேட்டது’ என்று நின்றிருந்தது. மெஷின் உறைந்திருந்தது. மச்சினி கட்டில் பக்கத்தில் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“என்னக்கா கேட்ட? யார்கிட்ட கேட்ட?”

எனக்கு ஒரே பார்வையில் புரிந்தது. ‘கேட்டுச்சு’ என்று அடித்திருந்தால் மச்சினிக்கும் புரிந்திருக்கும், காதில் விழுந்தது என்று. அந்த நிலைமையிலும் என் மனைவிக்கு எழுத்துத் தமிழ்தான் வேண்டியிருந்தது. அந்தப் பிடிவாதம் எனக்கு உதவியது.

“அவ கேட்டது பெரிய லேப்டாப். நான் வாங்கினது சின்னது. அதான் கோபம்” என்றேன்.

“அதுவாக்கா?” என்று கேட்டாள் மச்சினி. என் மனைவிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கண்ணை இறுக்கி மூடினாள். திறக்கவில்லை. ஒருமுறை மூடினால் ஆமாம்.

“கேட்டதை வாங்கிக் குடுத்திருக்கலாம்ல அத்தான்” என்று மச்சினி அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் லேப்டாப்பை ரிப்பேருக்கு என்று எடுத்துப்போய் என் ஆபீஸ் அலமாரியில் பூட்டிவைத்தேன். எப்போது வரும் என்று மச்சினி விசாரிக்கும்போதெல்லாம் உதிரி பாகம் வரவில்லை என்பேன். ஐந்து வாரம் அப்படியே போயிற்று.

முந்தாநாள், நான் ஆபீஸில் இருந்தபோது, அந்தப் பயிற்சிப் பெண் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்திருக்கிறாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம். நீங்கள் எனக்கு முன்னால் வைத்திருக்கும் தாளில் இருப்பது அதுதான். ‘நான் விழுந்து கிடந்து மூன்று முறை கூப்பிட்டது அவருக்குக் கேட்டது.’ ஒற்றுப்பிழைகூட இல்லை. விலை கூடிய மெஷின் விலைக்குத் தகுந்த வேலை செய்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

அன்று காலை முன்னறையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வீடியோ. பழைய லேப்டாப்பை மாற்றலாம் என்று இருந்தேன். விலை கூடியது கூடுதல் காசுக்குத் தகுமா என்று ஒருவன் விளக்கிக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம். அது முடிந்ததும், தகாது என்று சொல்கிற இன்னொருவனையும் முழுக்கக் கேட்டேன். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுக்கிற பழக்கம் எனக்கில்லை. அதற்குப் பிறகு எழுந்துபோய்ப் பார்த்தேன், ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். நான்தான் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேட்டது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்றீர்கள். அவள் முதல் தடவை “என்னங்க” என்றபோது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அதனால் வீடியோவை நிறுத்தினேன். அந்தப் பேச்சு நின்றது குளியலறை வரைக்கும் தெரிந்திருக்கும். இரண்டாம் தடவை கூப்பிட்டாள், குரல் குழறியது. மூன்றாம் தடவையும் கூப்பிடுகிறாளா என்று காத்திருந்தேன். கூப்பிட்டாள். பிறகுதான் வீடியோவை மறுபடி ஓடவிட்டேன், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து.