அஞ்சு மணிக்குள்ள ஒரு மெத்தை

...பழைய கட்டில், பீரோ வாங்கி விக்கிறவன் நான், தம்பி. இருபது வருஷத்துல ஒரு துடைப்பக்குச்சிய ரோட்டுல போட்டதில்ல. எனக்குப் போய் நோட்டீஸ். அஞ்சு மணிக்குள்ள இந்த மெத்தை இங்கேருந்து போகணுமாம், இல்லேன்னா கடைக்கு சீல். இப்பவே நாலே முக்கால். போன் பண்ணதும் வண்டியோட வந்தீங்களே, அதுவே பெரிசு. கொஞ்சம் பின்னாடி எடுங்க... போதும்.

அதோ போர்டு தெரியுதா? 'இங்கே குப்பை கொட்டினால் அபராதம்.' அதை வைக்கச் சொல்லி மனு மேல மனு எழுதினதே நான்தான். இந்தச் சந்து முக்குல வந்து என்னென்னமோ கொட்டுவானுங்க. உடைஞ்ச பீங்கான், ஒத்தைச் செருப்பு... ஒத்தைச் செருப்பை எதுக்குங்க கொட்டணும், இன்னொண்ணு போட்டுக்கிட்டா நடந்து போனான்? சரி, அதை விடுங்க. போர்டு வந்துச்சு. மறுவாரமே போர்டுக்கு அடியில இந்த மெத்தை. போர்டுக்குத் தூக்கம் வந்துச்சு போல.

காலைல நகராட்சி ஆய்வாளர் வந்தாரு. சின்ன வயசு, மூக்குல துணி. "உங்க மெத்தையா?"ன்னாரு. "யாரு பெத்த மெத்தையோ சார்"னேன். அவரு மெத்தையைப் புரட்டிப் போட்டாரு. அடியில என் கடைச் சீட்டு, நம்பரோட. கைக்கு வர்ற சாமான் எல்லாத்துலயும் நானே ஒட்டுவேன் தம்பி, எவனும் மாத்திடக் கூடாது பாருங்க. அங்கேயே கிழிச்சுப் பார்த்தேன், வரல. நல்ல பசை.

நடந்தது என்னன்னா, ஒரு டீச்சரம்மா கட்டில் வாங்க வந்தாங்க. விலை படியல. "உங்க பழைய மெத்தையை நானே எடுத்துக்கறேம்மா"ன்னு ஒரு வார்த்தை விட்டேன். படிஞ்சுடுச்சு. கொண்டாந்து பார்த்தா உள்ள மூட்டைப்பூச்சி குடும்பம் நடத்துது. விக்கவும் முடியாது, வச்சுக்கவும் முடியாது. ஊருக்கு வெளிய குப்பைக் கிடங்குல போட ஒரு வண்டிக்காரனைப் பிடிச்சேன். அவன் கேட்டதுல பாதிக்கு முடிச்சேன். அரை மணி நேரம் பேசினேன். கடைசில சத்தமில்லாம தலைய ஆட்டினான் பாருங்க, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

ஆய்வாளர் போனதும் அவனுக்கு போன் போட்டேன். "நீங்க குடுத்த காசுக்கு முக்கு வரைக்கும்தான்ணே டீசல் வந்துச்சு"ங்கறான். என்கிட்டயே.

வீட்டுக்காரி சொல்றா, நீங்க ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்தா இந்தக் கடை பிழைச்சுக்கும்னு.

சரி, கதை போதும், நேரம் ஆகுது. போன்ல ஒரு கூலி சொன்னீங்களே, அது நியாயமான கூலிதான். நான் இல்லேங்கல. ஆனா தம்பி, போறப்பதானே மெத்தை? வர்றப்ப வண்டி காலி. காலி வண்டிக்கு நான் எதுக்குக் கூலி குடுக்கணும்? பாதி வச்சுக்கலாம்...

தலைய ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க. சாவிய ஏன் திருகுறீங்க? மெத்தை இன்னும் ஏறலியே. சரி, முக்கால். தம்பி... முழுசாவே தர்றேன் தம்பி...

போயிட்டான்.

வாங்க சார். கரெக்டா வந்துட்டீங்க. அஞ்சுன்னா அஞ்சேதானா சார்? ஏழுன்னு வச்சுக்குங்களேன். சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம்... ஆறு.