தொலைபேசி இல்லாத அறை

கடற்கரையில் ஒரு ஹோட்டலைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்கவேண்டியது கூரையைத்தான். தகரம் என்றால் மத்தியானம் உள்ளே இருக்க முடியாது. ஓடு நல்லது, ஓட்டுக்குக் கீழே பலகை அடித்திருந்தால் இன்னும் நல்லது. அடுத்தது விறாந்தை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. கண்டியில் ஒரு அரச திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் கட்டடப் படவரைஞனாக இருந்தவன் நான். இதையெல்லாம் ஒரு புகைப்படத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

நீங்கள் கேட்டது வேறு. என் மனைவியின் தம்பி பாலேந்திரன் 1998 சித்திரையில் எப்படிக் காணாமல் போனான் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். ஹோட்டலில் தொடங்கினால்தான் ஒழுங்காகச் சொல்லமுடியும். என் மனைவி மங்களேஸ்வரி உங்களைப் போன்ற விசாரணைக் குழுக்களுக்கு முன்னால் இதுவரை ஐந்து தரம் சாட்சி சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை. அவளுக்குத் தெரியாததை மட்டும் நான் சொல்கிறேன்.

நாங்கள் கலியாணம் செய்தது எண்பத்தேழில். நிலாவெளியில் ஐந்து நாள் தங்குவதாக இருந்தது. அந்தப் பக்கம் சண்டை என்று பஸ் ஓடவில்லை. அடுத்த வருடம் ஊரடங்கு. அதற்கு அடுத்த வருடம் தெற்கில் குழப்பம். பிறகு அவளுடைய தாய் தவறிப்போனா. யாழ்ப்பாணத்துக்குப் போகவும் முடியவில்லை, கடற்கரைக்குப் போகும் மனமும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கண்டி கட்டுக்கலையில் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போவாள், நான் கந்தோருக்குப் போவேன், மாலையில் இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடிப்போம். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் நான் தங்கியிருந்த அறையை எரித்தார்கள். மூன்று கிழமை அகதி முகாமில் இருந்துவிட்டு, எரித்தவர்களுக்குப் பக்கத்து மேசையிலேயே வந்து உட்கார்ந்து கோடு போட்டவன் நான். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்நாளில் ஐந்து நாள் கடலைப் பார்த்தபடி மனைவியோடு இருக்கவேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டில், வெலிகமைக்கு அப்பால் ஒரு ஹோட்டலைப் பற்றி ஒரு சஞ்சிகையில் பார்த்தேன். பழைய ஒல்லாந்தர் வீடொன்றைக் கட்டடக் கலைஞர் ஒருவர் திருத்தியிருந்தார். எட்டே எட்டு அறை. சுண்ணாம்பு அடித்த சுவர், கறுப்பு மரக் கட்டில், சீமெந்துத் தரையில் எண்ணெய் பூசியதுபோல ஒரு மினுமினுப்பு. விறாந்தையில் இரண்டு சாய்வுக் கதிரை, மூன்றாவது இல்லை. இப்போது இதற்குப் பூட்டிக் ஹோட்டல் என்று பெயர் வைத்து ஊரெல்லாம் நடத்துகிறார்கள். அப்போது அது எனக்கு ஒரு வரைபடம் உயிரோடு எழுந்து நிற்பதுபோல இருந்தது. மார்கழிக்கு அறை பதிந்தேன்.

கார்த்திகையில் பாலேந்திரன் வந்தான். முப்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயன ஆய்வுகூட உதவியாளனாக இருந்தவன். தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து, கிளிநொச்சியில் கொட்டிலில் கிடந்து, வவுனியா வழியாக இராணுவப் பாஸ் எடுத்து வந்தான். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் கூப்பிடும்வரை எங்களோடு இருப்பதாகப் பேச்சு. வந்த கிழமையே மலேரியாக் காய்ச்சல். மார்கழிப் பயணம் நின்றது.

அவன் கெட்டவன் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருத்தினான். என் சேட்டுகளைத் தானே தோய்த்தான், நீலம் கூடப் போட்டு. ஈரத் துவாயை நான் படம் கீறும் மேசைக் கதிரையில் விரித்துவிடுவான். பானையில் இருந்தே எடுத்து நின்றபடி சாப்பிடுவான். இடம்பெயர்ந்த அன்று பாலத்தில் சனம் நெரிபட்ட கதையை ஒவ்வொரு மாலையும் அதே சொற்களில் சொல்வான். மங்களம் ஒவ்வொரு முறையும் அழுவாள். பிறகு இரண்டு பேரும் சின்ன வயதில் கள்ள மாங்காய் பிடுங்கியதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பத்து வருடமாக அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. வீட்டில் எனக்கு உட்கார இடமில்லாததுபோல இருந்தது.

மாசிக்கு மறுபடி அறை பதிந்தேன். தையில் தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. அதன்பிறகு கண்டியில் தமிழ்ப் பெயரோடு தெருவில் இறங்குவது எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பயணம் நின்றது. ஹோட்டலும் இரண்டு மாதத்துக்கு மூடிவிட்டதாக அறிவித்தார்கள், திருத்த வேலையாம்.

வேறு இடம் தேடினேன். கந்தோர்த் தொலைபேசியில் மத்தியான இடைவேளைகளில் ஏழு ஹோட்டல்களுக்குப் பேசினேன். அறை இருக்கிறது என்பார்கள். பெயரைச் சொல்வேன். ஸ்ரீஸ்கந்தராசா. கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். பிறகு அறை இல்லை என்பார்கள். ஒருவன் மட்டும் தாராளமாக இடம் தந்தான்: ஹிக்கடுவையில், இருநூறு அறை, நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் இரவெல்லாம் பாட்டுக் கச்சேரி. எனக்கு வேண்டாம் என்று அவனுடைய இலக்கத்தைக் குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன். பங்குனிக் கடைசியில் வெலிகமை ஹோட்டல் திரும்பத் திறந்தது. நடத்துவது ஒரு வயதான பறங்கிப் பெண். என் பெயரைக் கேட்டபின் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: கடல் பக்கமா, தோட்டப் பக்கமா.

அன்று மாலை வீட்டுக்கு வந்து மங்களத்திடம் சொன்னேன். சித்திரை விடுமுறையில் ஐந்து நாள், எல்லாம் ஒழுங்கு என்று. அவள் சந்தோசப்பட்டாள். உடனே சொன்னாள்:

"அப்ப தம்பிக்கும் ஒரு அறை சொல்லுங்கோவன். இந்த நேரத்தில அவனைத் தனிய விட்டிட்டு எப்பிடியப்பா போறது?"

பாலேந்திரன் குசினி வாசலில் நின்று, "எனக்கு அறை என்னத்துக்கு அக்கா, விறாந்தையில படுப்பன்" என்றான்.

 அந்த விறாந்தையில் அவன் சாரத்தோடு படுத்திருப்பது எனக்குத் தெரிந்தது, துவாய் என் கதிரையில் காய்வதும் தெரிந்தது. அன்றுதான் முடிவு செய்தேன். கோபத்தில் செய்ததாக நினைக்கக்கூடாது. நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

கண்டியில் பாதுகாப்புப் பகுதியில் பொறுப்பான பதவியில் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்கு வரைபடம் கீறிக் கொடுத்தவன் நான். அவர் இப்போது உயிரோடு இல்லை, பெயர் வேண்டாம். அவரைப் போய்ப் பார்த்தேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வன்னியில் இருந்து வந்த ஒருவர் இருக்கிறார் என்றேன். இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர் என்றேன். தினமும் இரண்டு தரம், தலதா மாளிகைக்குப் பக்கத்து வாவியைச் சுற்றி நடப்பார் என்றேன். நடந்தான்தான், மலேரியா வந்தபிறகு நடக்கச் சொன்னது வைத்தியர். பிறகு ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

அது கண்டி நகரத்தின் கையால் வரைந்த படம். பாலேந்திரன் கீறியது. வந்த புதிதில் அவன், "அத்தான், எனக்குச் சிங்களம் தெரியாது, வழி கேக்க ஏலாது, ஒரு படம் கீறித் தாங்கோ" என்று கேட்டான். நீயே கீறிப் பழகு என்று என் மேசையில் உட்காரவைத்து, அளவு பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். காவலரண் இருக்கும் இடங்களைச் சிவப்பில் புள்ளி போடு, அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம் என்று சொன்னதும் நான்தான். கெட்டிக்காரன். கோடு நடுங்காமல் போட்டிருந்தான்.

அந்தப் பெரியவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். எப்போது வரட்டும் என்று கேட்டார். சனிக்கிழமை வாருங்கள் என்றேன். மனைவிக்கு மனம் மெல்லியது, அவள் இல்லாத நேரம் நல்லது என்றேன். நாங்கள் வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்தோம்.

பாலேந்திரனை எப்படி வராமல் நிறுத்தினேன் என்று கேட்பீர்கள். மிகச் சுலபம். கொழும்பில் ரயில் மாறவேண்டும், கோட்டை நிலையத்தில் பிடிப்பார்கள், உன்னுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது, வீட்டில் இருப்பதுதான் உனக்குப் பாதுகாப்பு என்றேன். அவன் அதை நம்பினான். "ஓம் அத்தான், நீங்கள் சொல்லுறது சரி. அக்காவைக் கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று பையைத் தூக்கிக்கொண்டு வீதிமட்டும் வந்தான்.

வீட்டுக்காரர் சாஹுல் ஹமீது அக்குறணையில் கடை வைத்திருந்தார். முன்பகுதியில் அவரும் மனைவி ஸுலைஹாவும் இருந்தார்கள். அவசரம் என்றால் பேசுவதற்கு ஹோட்டல் இலக்கத்தைத் தந்துவிட்டுப் போங்கள் என்று ஸுலைஹா கேட்டா. எழுதிக் கொடுத்தேன். ஹிக்கடுவை ஹோட்டலின் பெயரையும் இலக்கத்தையும்.

வெலிகமை ஹோட்டல் அறைகளில் தொலைபேசி கிடையாது. வானொலி கிடையாது. பத்திரிகை வராது. ஏன் அந்த ஹோட்டல் என்று யாராவது கேட்டால் கூரையைச் சொல்வேன், விறாந்தையைச் சொல்வேன். மூன்றாவது காரணம் இது.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. காலையில் கடல் பச்சையாக இருக்கும், பத்து மணிக்கு நீலமாகும். மங்களம் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் நின்றாள். இறால் சாப்பிட்டாள். பறங்கிப் பெண்ணோடு பூஞ்செடிகளைப் பற்றி ஆங்கிலத்தில் கதைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பியோடு பேசவேண்டும் என்றாள். வெயிலில் நீ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் சந்திக்குப் போனேன். அங்கே தொலைபேசிக் கடை இருந்தது. ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"என்னவாம்?"

"நல்லா இருக்கிறானாம். ஸுலைஹா இடியப்பம் குடுத்தவவாம்."

"காய்ச்சல் குளுசை போட்டவனாமோ?"

"போட்டவனாம்."

செவ்வாய்க்கிழமையும் போனேன். அன்று அவன் தாடி மழித்துவிட்டதாகச் சொன்னேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. அன்று பின்னேரம் நான், இன்னும் இரண்டு நாள் இருப்போமா என்று கேட்டேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே, "இருப்பம்" என்றாள். ஆக மொத்தம் ஏழு நாள்.

திரும்பி வந்தபோது ஸுலைஹா எங்களுக்காகப் படலையிலேயே காத்திருந்தா.

"எங்க தங்கச்சி போன நீங்க? சனிக்கிழம காலேல ஒங்கட தம்பியக் கொண்டு பெய்த்தாங்க. நீங்க தந்த நம்பருக்கு எத்தின தரம் அடிச்ச. அப்பிடி ஆக்கள் இங்க இல்லண்டு செல்றாங்க."

மங்களம் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பைகளை உள்ளே வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அந்தப் பகுதியில் ஆறு பேரைப் பிடித்திருந்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுத் தலைவர்கள் போய், பொலிஸ் பதிவுப் படிவத்தைக் காட்டி, ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாஹுல் ஹமீது பாலேந்திரனுக்காக இரண்டு தரம் போயிருக்கிறார். சொந்தக்காரர் வரவேண்டும், அவன் தங்கியிருக்கும் வீட்டின் தலைவர் வந்து அந்தப் படம் என்னவென்று சொல்லவேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே இருந்து பாலேந்திரன் அவருக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றுதானாம்: "அத்தான் வந்தால் எல்லாம் விளங்கப்படுத்துவார்." புதன்கிழமை அவனை வேறு எங்கோ மாற்றினார்கள். எங்கே என்று எந்தப் புத்தகத்திலும் பதிவு இல்லை.

முதல் மூன்று நாள்தான் முக்கியம் என்பது அப்போது எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் நினைத்தது, ஒரு மாதம் வைத்திருப்பார்கள், பயந்துபோய்க் கொழும்பிலோ வேறெங்கோ போய் இருப்பான் என்று. பல வருடம் இப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை, இன்னும் இரண்டு நாள் என்று கேட்டபோது, எனக்கு நாள்கணக்குத் தெரியும். புதன்கிழமை நான் வந்திருக்கலாம். வந்து, இந்தப் படத்தைக் கீறப் பழக்கியவன் நான் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் அங்கே இருந்தேன். அவனை நான் பிடித்துக் கொடுத்தேன். திரும்பி வராமலும் பார்த்துக்கொண்டேன். இதை நீங்கள் அப்படியே எழுதலாம்.

மங்களம் அன்றிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. "ரெண்டு நாள் கூட இருப்பம் எண்டு நான்தானே சொன்னனான்" என்று அவள் சொல்லாத கிழமை இல்லை. ஹோட்டல் இலக்கத்தை அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. முகாம் முகாமாக, கந்தோர் கந்தோராக அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். மனுக்களை எழுதியதும் நான். என் கையெழுத்து அழகு. பதினாறு வருடம் அவளை ஒருநாளும் தனியாக விடவில்லை. இப்போது அவளுக்கு நீரிழிவு; ஒரு கண்ணில் பார்வை குறைவு. தம்பி இறந்துவிட்டான் என்ற பத்திரத்தில் ஒப்பம் வைக்கச் சொல்கிறீர்கள், அவள் மறுக்கிறாள். தெரியாத வரைக்கும் அவளால் வைக்க முடியாது. அதனால்தான் நான் சொல்ல வந்தேன். அவளுக்கு ஒரு நிம்மதி வேண்டும்.

அவள் வெளியே மர வாங்கில் இருக்கிறாள், மண்ணிறச் சேலை. உள்ளே கூப்பிட்டு, நான் சொன்னதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். என்னால் அவள் அழுவதைப் பார்க்க ஏலாது. அழுதால் கொஞ்ச நேரம் விடுங்கள். ஆனால் நாலு மணிக்கு முன் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிடவேண்டும். பின்னேர ஊசியை அவளுக்கு நான்தான் போடுவது. அவளுக்கு என்னைவிட்டால் வேறு ஆள் இல்லை.