உப்பு கரிக்காத வீடு

எங்கள் விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசைதான் முதலில் நிரம்பும். மருத்துவர்களுக்கான தொடர்கல்வி என்றால் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று கேள்வி. கடைசி வரிசைக்குப் பக்கத்தில் கதவு. கதவுக்கு வெளியே மருந்துக் கம்பெனிக்காரர்கள் வைத்த பஸ்பூசா இனிப்புத் தட்டு. வந்து கையெழுத்துப் போட்டால் உரிமத்தைப் புதுப்பிக்கப் புள்ளிகள் கிடைக்கும். காதால் கேட்டாக வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அலெக்சாந்திரியாவின் மனநல மருத்துவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகக் குறட்டை விட்டதை நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைய தலைப்பு தூக்கமின்மை.

ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், விசாரணை அதிகாரி அவர்களே. இதுதான் ஆரம்பம்.

ஓர் அபூர்வமான மனமயக்கத்தைப் பற்றி நான் பேச வேண்டியிருந்தது. கையில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். இரண்டு என்றால் தற்செயல். மூன்று இருந்தால்தான் ஆய்வு. மூன்றாவது ஆளை நானே எழுதினேன். பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஒழுக்கம் என்பதால் ‘நோயாளி மீம்’ என்று ஓர் அரபு எழுத்தை மட்டும் வைத்தேன். அவருடைய வீட்டை யாரோ தூக்கிப் போய்விட்டு அச்சு அசலாக இன்னொன்றை வைத்துவிட்டார்கள் என்று அவர் நம்புகிறார். தேநீர்க் கோப்பையின் விரிசல்கூட அதேதான். ஒன்று மட்டும் வித்தியாசம்: அந்த வீட்டில் உப்பு கரிப்பதில்லை. அவித்த முட்டை தின்றுகொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது அது. அன்று மண்டபத்தில் யாரும் தூங்கவில்லை.

மீம் பிரபலமானார். மூன்றாவது வருடம் பேராசிரியர் லுத்ஃபி முன்வரிசையிலிருந்து எழுந்தார். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவியில் அப்போது அவர் உட்கார்ந்திருந்தார்.

“மீம், மீம்னு வருஷா வருஷம் சொல்றீங்களே டாக்டர் ஃபிக்ரி, ஆளக் கூட்டிட்டுத்தான் வாங்களேன். இல்ல, அவரையும் யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த விரிவுரைக்கு அழைத்து வருவதாகச் சொன்னேன். எங்களிடம் அது வழக்கம்தான். பிற்பகுதியில் ஒரு நோயாளியை மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்போம். அவர் வெளியே போனதும், அவரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் பேச ஆரம்பிப்பார்கள்.

அப்போது என் வார்டில் பயூமி இருந்தான். டிராம் நடத்துநர். மனைவி இறந்தபின் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தவன். முழுக்கக் குணமாகிவிட்டான். குணப்படுத்தியது நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவனுக்குச் சமைத்துப்போட அவன் வீட்டுக்கே வந்துவிட்ட அக்கா தவ்ஹீதா, வியாழக்கிழமை அழைத்துப் போவதாக இருந்தாள்.

ஓர் உதவி வேண்டும் என்றேன். பயூமி யோசிக்கக்கூட இல்லை.

“நீங்க என்னை மனுஷனாக்கி விட்டீங்க. உங்களுக்காக ஒரு மணி நேரம் பைத்தியமா இருக்க மாட்டேனா, டாக்டர் பாஷா?”

அவனுக்குக் கற்றுக்கொடுப்பது சுலபமாக இருந்தது. தினமும் நூறு பேரிடம் ஒரே வாசகத்தைச் சொல்லிப் பழகிய வாய்.

“உப்பு கம்மின்னு சொல்லவா, உப்பே இல்லன்னு சொல்லவா?”

“கரிக்கலன்னு சொல்லு. அவசரப்படாதே.”

“எங்கக்கா காதுல விழுந்தா தோலை உரிச்சிடுவா. அவ சமையலைத் தின்னா கடலைக் குடிச்ச மாதிரி இருக்கும்.”

மேடையில் அவன் என்னைவிட நன்றாகச் செய்தான். முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். லுத்ஃபி எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

வியாழக்கிழமை அவனை அனுப்புவதாகத்தான் இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: இவன் டிராமில் டிக்கெட் கிழிப்பவன். என் விரிவுரைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த டிராமில்தான் வருகிறார்கள். மீம் காக்கி உடுப்பில் நின்று சில்லறை எண்ணிக் கொடுப்பதை ஒருவர் பார்த்தால் போதும். ஆகவே இன்னும் சில வாரம் என்றேன். அதற்குள் மீமோடு வந்து பேசச் சொல்லி தன்த்தா நகரத்திலிருந்து அழைப்பு வந்தது, பிறகு அஸ்யூத்திலிருந்து.

தவ்ஹீதா மாதாமாதம் வந்தாள்.

“தம்பி நல்லாத்தான இருக்கான், டாக்டர். பேசுறான், சிரிக்கிறான், என் சமையலை நக்கல் பண்றான்.”

“சமையலைப் பத்தி என்ன சொல்றான்?”

“உப்பு, உப்புன்னு அதையே சொல்றான்.”

நான் கவலையோடு பேனாவைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பதினோரு வருடம். அவனை நான் அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. ஜன்னல் பக்கத்துக் கட்டில், விரிவுரை நாளில் புதுச் சட்டை, பஸ்பூசாவில் நடுத்துண்டு. ஆரம்பத்தில் ‘வியாழக்கிழமை எப்போ?’ என்று கேட்பான். பிறகு ‘அடுத்த விரிவுரை எப்போ?’ என்று மட்டும் கேட்டான். ஒருநாள் வார்டில் பருப்புச் சாற்றைத் தொட்டுவிட்டுத் தள்ளிவைத்தான் என்று செவிலி சொன்னாள். ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பொறுப்பானவன்.

இந்த வசந்தத்தில் டாக்டர் நெர்மீன் எங்கள் மருத்துவமனைக்கு இயக்குநராக வந்தார். வயதில் சின்னவர்; வார்டுக்குள் தானே போய்ப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். நெடுங்காலம் இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்க ஒரு குழு போட்டார். கூட்ட அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் விரிவுரை மண்டபத்தில் வைக்கலாமா என்று என்னைத்தான் கேட்டார்கள். வைக்கலாம் என்றேன்.

பயூமி உள்ளே வந்தபோது எதிரே வெள்ளைக் கோட்டுகள், கையில் ஒலிவாங்கி. ஓரத்தில் தவ்ஹீதா அவனுடைய பழைய குளிர்காலக் கோட்டைத் துவைத்துத் தேய்த்து மடியில் வைத்திருந்தாள்.

நெர்மீன் மெதுவாகக் கேட்டார்: “வீட்டுக்குப் போலாமா, பயூமி அண்ணே?”

அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “அது என் வீடு இல்லம்மா. அசலைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கோப்பை அதேதான், விரிசலும் அதேதான். ஆனா உப்பு கரிக்கல.”

“டேய், நான் யாருடா?” என்றாள் தவ்ஹீதா.

“நீ அக்காதான். வீடுதான் வேற.”

அது வசனத்தில் இல்லாதது. எனக்கே புதிதாக இருந்தது. கடைசி வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். பயூமி என் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது, நிறையவே இருந்தது. தலையாட்டினேன். அவன் இங்கேயே இருக்கட்டும் என்ற முடிவில் குழுவோடு நானும் கையெழுத்துப் போட்டேன். தவ்ஹீதா கோட்டை மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

வெளியே தாழ்வாரத்தில் அவன் நெர்மீனை நிறுத்திக் கேட்டிருக்கிறான்: “இன்னிக்கு நல்லாப் பண்ணேனாம்மா? டாக்டர் பாஷா தலையாட்டினாரே.”

அதனால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்களே உத்தரவு போட்டு அவனை அக்காவோடு அனுப்பினீர்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரு வாரத்தில் அவனே டிராம் ஏறி, பயணியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு, எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தான். அந்த வீட்டில் உப்பு கரிக்கவில்லையாம். அக்கா கண்ணெதிரே உப்புக் கிண்ணத்தை வாயில் கவிழ்த்துப் பார்த்தும் கரிக்கவில்லையாம். அங்கே மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை, தலையாட்ட நானும் இல்லை. அவள் அழுதுகொண்டே வாயைக் கழுவிவிட்டதாகக் கேள்வி.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மீம் என்று ஒருவர் இருந்ததே இல்லை, நான்தான் உண்டாக்கினேன். குணமான ஒருவனைப் பதினோரு வருடம் பூட்டிவைத்தேன், வீட்டுக்குப் போக வந்த வாய்ப்பையும் கெடுத்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயைத் தவறாகக் கணித்தேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். கணிப்பு சரிதான், வந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். கொஞ்சம் முன்கூட்டிக் கணித்துவிட்டேன், அவ்வளவுதான்.