பன்னிரண்டாம் மாடியில் ஒரு பெயர் குறைவு

எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை, இன்ஸ்பெக்டர் ரூபினி. லிஃப்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைக்கூட நான் முழுதாகப் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க வேலையில், ஒரு ஃபைலைக்கூட மேலோட்டமாகப் பார்த்து அனுப்பியவன் இல்லை இந்தக் கிருபானந்தன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜொகூர் பாருவில் எனக்கு இரண்டு அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன. பதினோராம் மாடியில் நான் இருக்கிறேன். அதற்கு நேர் மேலே, கட்டடத்தின் கடைசி மாடியில் இருப்பதை வாடகைக்கு விடுகிறேன். வாடகை ஒப்பந்தத்தை நானே எழுதினேன். பதினாறு பக்கம், நாற்பத்தொரு விதி, எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து எழுத ஒன்றரை வருடம் ஆனது. இதுவரை ஐந்து குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஒருவரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு மனவருத்தம்தான்.

நம்மவர்கள் ராகு காலம் பார்ப்பார்கள், எந்தத் திசையில் பால் காய்ச்சுவது என்று பார்ப்பார்கள், ஒப்பந்தத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். அதனால் நான் எப்போதும் வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குத்தான் கையெழுத்துக்கு வரச் சொல்வேன். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். இது சூழ்ச்சி என்று நீங்கள் நினைக்கலாம். நான் கொடுத்தது பதினைந்து நிமிடம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பழமொழி இருக்கிறது, பத்தரைக்குள் விடு என்று எங்கும் இல்லை.

செல்வாவும் அவன் மனைவி பிரேமலாவும் போன ஜூன் மாதம் வந்தார்கள். அவன் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். அவனுடைய அப்பா லெட்சுமணனும் கூட வந்திருந்தார். பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கையில் ஒரு தடி.

"படிச்சுப் பாருங்க தம்பி, பதினாறு பக்கம்" என்று சொன்னேன். இதற்குச் சாட்சி உண்டு.

செல்வா போனில் மணியைப் பார்த்தான். "நேரம் ஆச்சு அங்கிள். நம்ம ஆளு லா நீங்க, இதுல என்ன இருக்கப்போவுது? எங்க சைன் பண்ணணும்?"

குடியிருப்போர் பட்டியல் வந்தபோது பிரேமலா மட்டும் கேட்டாள். "மாமா பேரையும் எழுதணுமா அங்கிள்?"

"ரெண்டு கோடுதாம்மா இருக்கு" என்றேன். இருந்தது இரண்டு கோடுதான்.

அந்தப் பெரியவர் இடது கையை நீட்டி ஒப்பந்தத்தைக் கேட்டார். "அப்பா, ராகு காலம் வந்துரும்" என்று செல்வா அந்தக் கையைப் பிடித்து மடக்கி வைத்தான்.

இரண்டு வாரம் கழித்து என் கதவுக்கடியில் ஒரு கடிதம் கிடந்தது. இடது கையால் எழுதியதால் கோழி கிளறியது போல இருந்தது, ஆனால் நல்ல ஆங்கிலம். லெட்சுமணன் பூதக்கண்ணாடி வைத்து நாற்பத்தொரு விதியையும் படித்திருக்கிறார். ஏழு கேள்வி கேட்டிருந்தார். பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். பட்டியலில் இல்லாதவர் தங்கினால் வீட்டை உரிமையாளர் பூட்டி எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒன்பதாம் விதி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் செல்லாது என்றார். இருபத்திரண்டாம் விதியில் ஒரு காற்புள்ளி தவறு என்றும் குறித்திருந்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். எனக்கு ஆத்திரம் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் முறைப்படி பதில் எழுதினேன்: "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

ஏழு மாதம் பரிசீலித்தேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் செல்வாவும் பிரேமலாவும் வளைகாப்புக்காக அவள் தாய்வீட்டுக்கு, சிகாமட்டுக்குப் போனார்கள். இரண்டே நாள் என்று சொன்னார்கள். பெரியவருக்குச் சாப்பாடு கொடுக்கவும், காலையும் மாலையும் இன்சுலின் போடவும் எட்டாம் மாடி பிரவீனாவிடம் சாவி கொடுத்திருந்தார்கள். எதிர் வீட்டுச் சீனக் குடும்பம் மூவாருக்குப் போயிருந்தது.

சனிக்கிழமை காலை, பிரவீனா ஊசி போட்டுவிட்டு இறங்கிய பிறகு, ஒன்பதாம் விதிப்படி கிரில் கதவில் என் பூட்டைப் போட்டேன். வீட்டைத் திரும்ப எடுத்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும் என்பது பத்தாம் விதி. அதையும் செய்தேன். பட்டியலில் உள்ள இருவரும் சிகாமட்டில் இருந்தார்கள். ஒப்பந்தப்படி அந்த வீடு காலி.

அன்று மாலை பிரவீனா வந்து பூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் இறங்கி வந்தாள். அந்த நேரத்தில் பெரியவர் கொஞ்சம் கண்ணயர்வார், அது எனக்குத் தெரியும்.

"அங்கிள், மேல வேற பூட்டுல்ல தொங்குது?"

"அக்ரிமெண்ட்ல உள்ளவங்க எல்லாரும் சிகாமட்ல இருக்காங்கம்மா."

"அலமாக். மாமாவையும் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளாக எடுத்த முடிவு அது. நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிகாமட்டில் ஆறு ஏறி, சாலையை மூடிவிட்டார்கள். பிரேமலாவுக்கு நாள் முந்தி வலி கண்டிருந்தது. திங்கட்கிழமை காலை செல்வாவின் போன் ஒருமுறை கிடைத்தது.

"அங்கிள், பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. இங்க லைனே இல்ல, பிரவீனா அக்காவுக்குப் போன் போவ மாட்டேங்குது. அப்பா எப்படி இருக்காரு?"

"சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கு தம்பி" என்றேன்.

அவன் சிரித்தான். "தடிய வச்சுத் தட்டுறாரா? அப்ப நல்லாத்தான் இருக்காரு."

வாழ்த்துச் சொன்னேன். நான் அவனிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். சனிக்கிழமை இரவிலிருந்து என் கூரையில் தடி தட்டிக்கொண்டுதான் இருந்தது. முதலில் கதவுப் பக்கம். பிறகு சமையலறையில், குழாய் இருக்கும் இடத்தில். திங்கட்கிழமை மாலை என் படுக்கைக்கு நேர் மேலே, தரையோடு தரையாக, மூன்று மூன்று தட்டாக. நான் கீழே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். செவ்வாய் காலை ஆறு மணிக்குச் சத்தம் நின்றது. அன்று நிம்மதியாகப் பசியாறினேன்.

புதன்கிழமை செல்வா ஓடி வந்தான். சாவியைக் கொடுத்தேன். சாவி பெற்றுக்கொண்டதற்கு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டேன். அதையும் படிக்காமலேயே போட்டான்.

அவன் அழுததைக் கேட்டு எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. விதி தெரியாமல் தப்புச் செய்பவர்களை நான் எத்தனையோ முறை மன்னித்திருக்கிறேன். அந்தப் பெரியவரும் படிக்காதவராக இருந்திருந்தால், பாவம், தெரியாமல் தங்கிவிட்டார் என்று அன்று மாலையே நானே போய்த் திறந்துவிட்டிருப்பேன். ஆனால் அவர் பதினாறு பக்கத்தையும் படித்திருந்தார்.