இஞ்சின் ஆறுற நேரம்

இல்லைங்க தம்பி, குறை சொல்ல வரலை. உங்க வேலையில ஒரு குத்தமும் கிடையாது. பெரிய கார்புரேட்டர், புது ரேடியேட்டர்னு போட்டு அந்தக் குட்டிக் காரை ஆளே மாத்திட்டீங்க. மேட்டுல ஆமையா ஏறினது இப்ப ஆட்டுக்குட்டியா துள்ளுது. அதான் வந்தேன்.

பஸ்ஸுலதான் வந்தேன். வண்டி என் வீட்டு வாசல்லயே நிக்குது. என் பெரிய மகன் மாசத்துக்கு ஒரு நாள் வருவான். என்னைய ஏத்திக்கிட்டு மேட்டு மேல இருக்கிற கண்ணாஸ்பத்திரிக்குப் போவான், கொண்டாந்து விட்டுட்டு அப்படியே கிளம்பிருவான். அம்மா வெயில்ல ரோட்டோரம் உக்காரக் கூடாதுன்னுதான் உங்ககிட்ட வண்டிய விட்டான். நல்ல பிள்ளை, நான் இல்லேங்கலை.

அந்தச் செவுத்துல சாத்தியிருக்கே பழைய ரேடியேட்டர், அது எங்களதுதானே? கீழ ஈயம் வச்சு அடைச்ச எடம் தெரியுதே. அதத் திருப்பி மாட்டிக் குடுங்க. கார்புரேட்டர் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

சிரிக்காதீங்க தம்பி. சூடு ஏறினா இஞ்சின் போயிரும்னு எனக்குந் தெரியும். சூடு காட்டுற முள்ளு செவப்புக்கு வர்றதுக்குள்ள நிறுத்துடான்னு சொல்லிருவேன். கண்ணு மங்கினாலும் அந்த முள்ளு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.

முன்னெல்லாம் மேடு ஏறத் தொடங்கினா, வண்டி நிக்கக் கூடாதுன்னு சாமியக் கூப்பிட ஆரம்பிப்பேன். ஒரு தடவைகூட அவரு காதுல வாங்கினதில்ல. பாதி மேட்டுல புஸ்ஸுன்னு ஆவி விடும். சூட்டோட ரேடியேட்டர் மூடியத் திறக்க முடியுமா? பானெட்டத் தூக்கி வச்சுட்டு அரை மணி நேரம் உக்காரணும். அந்த வளைவுல போனும் எடுக்காது. அவன் கல்லு மேல உக்காந்து ஆரஞ்சு உரிப்பான், எனக்குப் பாதி. வாய்க்கு வந்ததப் பேசுவான். அவன் மேலதிகாரி எப்படி நடப்பாருன்னு ரோட்டுல நடந்தே காட்டுவான். சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிரும்.

இப்ப இருபது நிமிசத்துல ஆஸ்பத்திரி. என்னம்மா, நல்லாருக்கியான்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள வந்துருது.

வண்டி நிக்கணும்னு சாமிகிட்ட வேண்டக் கூச்சமா இருக்கு. இத்தனை வருசம் வேற மாதிரி கேட்டுட்டு இப்ப எந்த முகத்தோட கேக்குறது? அதான் உங்ககிட்ட வந்தேன்.

அவன்கிட்டயே சொல்லலாம்தான். ஆசையாச் செஞ்சு குடுத்தத எப்படிங்க வேணாம்பேன்? நீங்களும் வாய் விட்டுறாதீங்க.

இல்ல, வெறும் பேச்சுக்காக மட்டும் இல்ல. கடைசியா நின்னப்ப, ஆரஞ்ச உரிக்காம கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தான். அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னான். முகமே சரியில்ல. நான்தான், பாவி, மூடியத் தொட்டுப் பாத்துட்டு, ஆறிருச்சுடா, டாக்டர் போயிருவாரு, கிளம்புன்னேன். சரிம்மா, அடுத்த தடவை நிக்கும்போது சொல்றேன்னான்.

வீட்ல வச்சுக் கேட்டுப் பாத்தேன். ஒண்ணுமில்லம்மான்னுட்டான். மூணு மாசமாச்சு தம்பி. வண்டி நிக்கவே இல்ல.